கடலோரத்தில் மிச்சம் பிடிக்கும் தண்ணீர் யாருக்குப் போய்ச் சேரும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு, 180 அடியில் ஆழ்துளைக் கிணறு, நாம் போர் என்பது. ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்று பள்ளிச் சுவரிலிருந்து பஸ் முதுகு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒருவர் பகல் முழுக்க லாரியில் ஏற்றி விற்கிறார். மேற்கே நெய்வேலியில் சுரங்கம் இறைக்கிறது. சுற்றிலும் நெல்லும் கரும்பும். போதாததற்கு ஐப்பசி கார்த்திகையில் ஊரே மிதக்கிறது. இதில் நான் ஒருவன் வாளியில் அளந்து குளித்து என்ன ஆகப்போகிறது?

எப்படிச் சேமிப்பது என்பது இதில் சின்னப் பகுதிதான். ‘நான் விட்டுவைக்கிற தண்ணீர் எனக்கு மிஞ்சுமா, அடுத்தவர் மோட்டாருக்குப் போய்விடுமா’ என்பதே உங்கள் கேள்வி. நாம் மாதாமாதம் சீட்டுப் பணம் கட்ட, யாரோ ஏலத்தில் எடுத்துக்கொண்டு போவது போன்ற எரிச்சல் அது. நியாயமான எரிச்சல்தான். ‘சிறு துளி பெருவெள்ளம்’ என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு விருப்பமில்லை. புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் கிணறுகளின் நீர்மட்டம் அளப்பதே என் பிழைப்பாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அளவைப் பார்த்தால் உங்கள் சேமிப்பு சொற்பம். இடத்தைப் பார்த்தால் சொற்பமில்லை. கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் போர் போட்டிருப்பவர் எவ்வளவு எடுக்கிறார் என்பதைவிட எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு வேகமாக எடுக்கிறார் என்பதுதான் நம் ஊரில் முக்கியம்.

உங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். கெடிலம், தென்பெண்ணை ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணும் மேலே கொஞ்ச ஆழத்துக்கு இருக்கின்றன. பழைய கைக்கிணறுகளெல்லாம் இந்த மணலில் ஊறிய தண்ணீரைத்தான் எடுத்தன. அதற்குக் கீழே கடலூர் மணற்பாறை. நிலவியல் நூல்களில் உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிற அடுக்கு அது. கேப்பர் மலையில் சிவப்பாகத் தலை காட்டுவதும், பண்ருட்டி முந்திரித் தோப்புகளின் செம்மண்ணும், திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கும் மேடும், காலாப்பட்டு, ஆரோவில் செம்மேடும் எல்லாம் இந்த அடுக்கின் குடும்பம்தான். மேற்கே மேடான இடங்களில் இது வெளியே தெரியும். கிழக்கே போகப் போகச் சாய்ந்து, களிமண் அடுக்குகளுக்கு அடியில் புதைந்து, கடலுக்கடியிலும் நீள்கிறது. செம்மேட்டில் பெய்யும் மழை உள்ளே இறங்கி மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்து, உங்கள் தெருவுக்குக் கீழே வரும்போது அழுத்தத்தில் இருக்கும்.

அந்த அழுத்தம் ஒரு காலத்தில் எவ்வளவு இருந்தது தெரியுமா? துளை போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் தரைக்கு மேல் பொங்கி வழிந்தது. ஆர்டீசியன் ஊற்று என்போமே, அது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1880இலேயே புதுச்சேரியின் இந்த ஊற்றுக் கிணறுகளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்திலும் நெய்வேலிப் பக்கத்திலும் வயதானவர்களைக் கேளுங்கள், குழாயைத் திறந்து விட்டால் வயலுக்குத் தானே பாய்ந்த கதையைச் சொல்வார்கள். இன்று அதே அடுக்கிலிருந்து எடுக்க சப்மெர்சிபிள் மோட்டாரை ஆழத்தில் இறக்க வேண்டியிருக்கிறது. ‘தண்ணீர் குறைந்துபோச்சு’ என்று மட்டும் இதைப் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்தது. நிலத்தடி நீரின் அழுத்த மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் இருந்தவரை நல்ல தண்ணீர் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. பல இடங்களில் அது கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. அப்படிப் போன இடத்தில் தள்ளுகிற திசை மாறிவிடும்.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடு கனமானது. அதனால் கடலோர மணலில் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் அடியிலுமாக இருக்கும். நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஓரடி மேலே இருந்தால், கீழே சுமார் நாற்பது அடி வரை உப்பு ஏற முடியாது என்பது நூறாண்டுக்கு மேல் பழைய கணக்கு. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் பெயரில் வழங்குகிறது. திருப்பிப் பார்த்தால் பயமுறுத்தும்: மட்டத்தை ஓரடி இறக்கினால் அடியில் உப்பு நாற்பது அடி ஏற வழி பிறக்கிறது. இது மேல்மணலுக்கு, அதுவும் எல்லாம் அசையாமல் நிற்கும் நிலைக்குப் போட்ட கணக்கு. நிஜத்தில் நடுவே களிமண் இருக்கும், ஏறுவதற்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே நாற்பது என்ற எண்ணை உங்கள் போருக்கு அப்படியே பொருத்தாதீர்கள். போக்கு எந்தப் பக்கம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

உப்பு எவ்வளவு கலந்தால் கெடும் என்பதையும் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் விரும்பத்தக்கது என்று வைத்திருக்கும் மொத்தக் கரைபொருள் அளவு, நாம் டிடிஎஸ் என்பது, 500. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. நூறு குடத்தில் இரண்டே குடம் கடல்நீர் கலந்தால் 700 கூடிவிடும். ஐந்து குடம் கலந்தால் அந்த இரண்டாயிரத்தை நெருங்கும், நம் தண்ணீரில் முன்பே இருக்கிற உப்போடு சேர்த்தால் தாண்டியே விடும். ஒரு கிணறு வற்றினால் அடுத்த மழைக்கு ஊறும். உப்பாகிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் தெளியாது. மணலில் ஏறிய உப்பைக் கழுவித் தள்ள எத்தனையோ ஆண்டு மழை வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் தேவனாம்பட்டினம் மாதிரியான ஊர்களில் கிணறுகள் உப்பானதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அது மேலிருந்து வந்த உப்பு, அதனால் மழை ஓரளவு கழுவிவிட்டது. அடியிலிருந்து ஏறுவது அவ்வளவு சுலபமாகப் போகாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேற்கே விருத்தாசலம் பக்கம் ஒருவர் ஆயிரம் லிட்டரை மிச்சம் பிடித்தால் அது நிலத்தடியில் பரவி யாருக்கோ போகலாம். உங்கள் இடத்தில் மிஞ்சும் தண்ணீரின் வேலையே வேறு. அது உங்கள் தெருவுக்கு அடியில் அழுத்தமாக நின்று உப்பைத் தடுக்கிறது. லாரிக்காரர் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இறைக்கும்போது உங்கள் போரைச் சுற்றித்தான் மட்டம் அதிகமாகக் குழிகிறது, அந்தக் குழிவுக்கு நேர் கீழேதான் உப்பு முதலில் கூம்பாக எழும்புகிறது. உங்கள் மோட்டாரின் ஓட்டத்தைக் குறைத்தால் முதல் பலன் உங்கள் போருக்கே. இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, தண்ணீர் நடந்துகொள்ளும் விதமே அப்படி.

தெளிவில்லாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைக்காமல் சுரங்கம் வெட்ட முடியாது, இறைக்காவிட்டால் அடித்தளமே பிளந்து வெள்ளம் புகும். 1950களில் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் நிலை. அந்த நீரில் ஒரு பங்கு வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்கும் போகிறது. இது உறுதி. ஆனால் உங்கள் தெருவில் மட்டம் இறங்கியதற்கு எத்தனை பங்கு சுரங்கம், எத்தனை பங்கு பாசன போர்கள், எத்தனை பங்கு நகரம் என்று பிரித்துச் சொல்வது அவ்வளவு எளிதல்ல. அப்படித் துல்லியமாகப் பிரித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும், எந்தக் கிணறுகளை எத்தனை ஆண்டு அளந்தார் என்று கேளுங்கள். அதேபோல, கரிக்கிற தண்ணீரெல்லாம் கடல் உள்ளே வந்ததால் என்றும் சொல்லிவிட முடியாது. உப்பனாற்றில் கடலேற்றத்தின்போது உப்புநீர் உள்ளே ஏறுகிறது. அதன் கரையோரக் கிணறு யாரும் இறைக்காவிட்டாலும் கரிக்கும். பழைய களிமண்ணில் சிக்கிய உப்பும் உண்டு, செப்டிக் டேங்க் கசிவும் உண்டு.

அடுத்தது நெல். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு மழையும் பாசனமுமாகச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை என்பது வேளாண்மைத் துறையில் சொல்லும் பொதுக் கணக்கு. லிட்டரில் அது ஏறக்குறைய 48 லட்சம். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. நால்வர் உள்ள வீட்டுக்கு அது ஆண்டுக்கு இரண்டு லட்சம் லிட்டரைத் தொடும். ஆக ஒரு போகத்துக்கு ஓர் ஏக்கர் நெல்லும் ஓராண்டுக்கு இருபத்து நான்கு வீடுகளும் சமம். வயலில் கட்டும் நீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் திரும்ப இறங்குகிறது, ஒரு பங்கு மழையே கொடுத்துவிடுகிறது என்பதால் இதை வைத்து விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆனால் உங்களுக்கு ஊரில் நிலம் இருந்தால், அல்லது நிலம் வைத்திருக்கும் சித்தப்பாவோ மாமாவோ உங்கள் பேச்சைக் கேட்பவராக இருந்தால், குளியலறையில் மிச்சம் பிடிப்பதைவிட அங்கே பேசுவது பெரிய காரியம். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிவரும் முறை அதற்கு உதவும். துளையிட்ட ஒரு குழாய்த் துண்டை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே சுமார் 15 செ.மீ. இறங்கியதும் அடுத்த தண்ணீர் விடுவது. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. விளைச்சல் குறையாமல் பாசன நீரில் கால்பங்கு வரை மிச்சமாகும். மோட்டார் இருக்கிறது, மின்சாரம் இலவசம், எதற்கு இந்த வேலை என்பார்கள். உப்பேறிய பாகூர்ப் பக்கத்து போர் ஒன்றைக் காட்டுங்கள், புரியும்.

இனி வீடு. இங்கே அறிவுரைகள் தேவையில்லாத இடத்தில் அழுத்தமாக விழுகின்றன. பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள் என்பார்கள். நல்லதுதான், குழந்தைகளுக்குப் பழக்கமாகும், ஆனால் கணக்கில் பெரிதில்லை. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து வைப்பதும் அப்படித்தான். இன்னொன்று, சிக்கனம் பற்றிய உபதேசமெல்லாம் அடுப்படியில் நிற்கும் பெண்களைப் பார்த்தே சொல்லப்படுகிறது. அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுபவர்கள் அவர்கள்தான், அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறவர் யார் என்று பாருங்கள். சாதாரண வீட்டு மோட்டார் நிமிடத்துக்கு நாற்பது லிட்டர் ஏற்றுகிறது என்று வைத்தால், மாடித் தொட்டி பத்து நிமிடம் வழிவது மூன்று பேரின் ஒரு நாள் தண்ணீர். தொட்டி நிறைந்ததும் தானாக நிற்கும் சுவிட்சை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். வீட்டில் செய்யும் செலவுகளில் முதலில் செய்ய வேண்டியது இது.

இரண்டாவது கழிப்பறை. பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு முறைக்குப் பத்து லிட்டர் கொட்டும். மூன்று லிட்டரும் ஆறு லிட்டருமாக விடும் இரண்டு பொத்தான் உள்ள தொட்டிக்கு மாற்றினால் நால்வர் வீட்டில் தினம் நூறு லிட்டருக்கு மேல் மிஞ்சும். ஆண்டுக்கு நாற்பதாயிரம் லிட்டர். மாற்றப் பணமில்லையென்றால் மணல் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலைத் தொட்டிக்குள் நிறுத்துங்கள், ஒவ்வொரு முறையும் அத்தனை குறையும். தொட்டியின் அடிவால்வு சத்தமே போடாமல் கசியும். இரவில் கொஞ்சம் நீலத்தைத் தொட்டிக்குள் கலந்துவிட்டுக் கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள், கீழே நிறம் வந்திருந்தால் வாஷர் போயிருக்கிறது. சம்ப்புக்கும் ஒரு சோதனை: படுக்கப்போகும்முன் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்து விடியற்காலை பாருங்கள். ஷவரில் ஐந்து நிமிடம் என்றால் ஐம்பது லிட்டர், வாளியில் இருபதில் முடியும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உப்பை நீக்கும் ஆர்ஓ வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோர வீடுகளில் அது பெரிய ஓட்டை. ஒரு லிட்டர் வடிகட்ட வீட்டு ஆர்ஓ பொதுவாக மூன்று லிட்டரைக் கழிக்கும். நகராட்சிக் குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ் 500க்குள் இருந்தால் உப்பை நீக்க ஆர்ஓ தேவையே இல்லை. கொதிக்கவைப்பதோ கிருமி நீக்கும் சாதாரண வடிகட்டியோ போதும். போர்த் தண்ணீர் கரித்து வேறு வழியில்லாமல் ஆர்ஓ வைத்திருந்தால் கழிவு நீரைப் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஊற்றாதீர்கள். உள்ளே போன உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது, மண்ணில் படிந்துவிடும்.

இதையெல்லாம் செய்தால் ஆளுக்கு 135 லிட்டரை நூறுக்குக் கொண்டுவர முடியும், யாரும் அழுக்காகத் திரிய வேண்டியதில்லை. நால்வருக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்குள் அடங்கும். இனி மழையைப் பாருங்கள். நம் கரையோரத்தில் சராசரி ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டர். சிதறலும் ஆவியும் போக 90,000 லிட்டர் கைக்கு வரும். உங்கள் வீடு எடுப்பதில் பாதிக்கு மேல் உங்கள் மாடியே திருப்பித் தருகிறது. சேமிப்பு என்றாலே குறைத்துச் செலவழிப்பது என்று நினைக்கிறோம், ஆனால் கடலோரத்தில் திருப்பி விடுவதுதான் பெரும்பங்கு.

2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழிகள் ஊரெங்கும் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் பாதிக்கு மேல் சேறு. கட்டுவது ஒரு நாள் வேலை, பராமரிப்பது ஒவ்வொரு புரட்டாசி மாதத்து வேலை. மாடியைக் கூட்டி, குழாய் வாயில் அடைத்த இலையை எடுத்து, குழியின் மேல் மணலை நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டிப் புது மணல் போட வேண்டும். குழி மூன்றடி சதுரம், ஆறடி ஆழம் இருந்தால் சின்ன வீட்டுக்குப் போதும். அடியில் பெரிய கருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள். தெருத் தண்ணீரையும் சாக்கடையையும் எக்காரணம் கொண்டும் உள்ளே விடாதீர்கள். செப்டிக் டேங்கிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். சின்ன மனையில் அது முடியாது என்பீர்கள். முடிந்தவரை எதிர் மூலை, அதுவும் முடியாவிட்டால் மழைநீரைத் தொட்டியில் பிடித்துப் பயன்படுத்துவதே மேல்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ஆறடிக் குழியில் விடும் தண்ணீர் உங்கள் 180 அடி போருக்கு நேரே போகாது. நடுவே களிமண் இருக்கும். அது மேல்மணலைத்தான் நிரப்பும். ‘குழி தோண்டினேன், போரில் மட்டம் ஏறவில்லை, எல்லாம் ஏமாற்று’ என்று கோபப்படுபவர்கள் இதனால்தான் கோபப்படுகிறார்கள். மழைநீரை நேராகப் போருக்குள் இறக்கும் ஆட்களும் வருவார்கள். சரியான வடிகட்டி இல்லாமல் செய்தால் மாடி அழுக்கு முழுவதும் ஆழத்துக்குப் போய்விடும், பிறகு அதை எடுக்க வழியில்லை. எனக்குப் பிடித்த வழி பழையது. பல வீடுகளில் கொல்லைக் கிணறு சிமென்ட் பலகை போட்டு மூடிக் கிடக்கிறது, சிலவற்றில் குப்பை. அதைத் தூர்வாரி, வடிகட்டிய மழைநீரை அதில் விட்டு, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு அந்தத் தண்ணீரை எடுங்கள். ஆழத்துப் போரைச் சமையலுக்கும் குடிக்கவும் மட்டும் வையுங்கள். மேலடுக்கு ஒவ்வோர் ஆண்டும் நிரம்புகிறது, ஆழத்தில் இருப்பது பல தலைமுறை சேர்ந்த சொத்து. போரை ஓட்டும்போதும் மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டாமல் காலை அரை மணி, மாலை அரை மணி என்று பிரித்து ஓட்டுங்கள். இழுப்பு மெதுவாக இருந்தால் அடியில் உப்பும் மெதுவாகத்தான் எழும்பும்.

மூழ்குகிற ஊருக்குச் சேமிப்பு எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். 2015 நவம்பரிலும், ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் தொடக்கத்திலும் பார்த்தோம். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. ஆறும் அணையும் கொண்டுவரும் அந்த வெள்ளத்தை உங்கள் குழி தடுக்காது. யாராவது தடுக்கும் என்றால் நம்பாதீர்கள். வெள்ளத்தைப் பிடித்து வைக்க நம் முன்னோர் செய்த ஏற்பாடு ஏரி. காட்டுமன்னார்கோவிலில் சோழர் காலத்து வீராணம் 2004 முதல் சென்னைக்கே குடிநீர் தருகிறது. புதுச்சேரியில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி தொடங்கி 84 ஏரிகள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூருக்குத் தென்பெண்ணை நீரைக் கொண்டுவருகிறது. ஏரியைத் தூர்வார ஆட்களும் கேமராக்களும் வந்துவிடும், வரத்து வாய்க்காலில் கொட்டிய கட்டட இடிபாட்டை யாரும் படம் எடுப்பதில்லை. வீடு இடித்துக் கட்டும்போது அந்த மண்ணும் செங்கல்லும் எங்கே போகிறது என்று லோடு ஆளிடம் கேளுங்கள். சாதாரணக் குடிமகன் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் சேர்த்துச் செய்யக்கூடிய ஒரே காரியம் அதுவாக இருக்கலாம்.

கடலோரத்துத் தண்ணீரை நம்ப முடியாது என்று புதுச்சேரிக்காரர்களுக்கு முன்பே தெரியும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சு அரசு மேற்கே முத்திரையர்பாளையத்து ஊற்று நீரைக் கால்வாய் வழியே நகருக்குக் கொண்டுவந்தது. அதன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்று கதை சொல்லும் தாசி ஆயியின் பெயர் அதற்கு. ஒரு நகரமே மேற்கிலிருந்து வரும் தண்ணீரில் வாழ்கிறது. ஆகவே கேப்பர் மலையும் வானூர் செம்மேடும் மொட்டையாகாமல் இருப்பது நம் வீட்டு விஷயம்தான். மழையில் அரித்துப் பள்ளத்தாக்கே விழுந்திருந்த மேட்டில் 1968க்குப் பிறகு ஆரோவில்காரர்கள் வரப்புக் கட்டி மரம் வைத்தார்கள். அங்கே போனால் காட்டின் நிழலோடு வரப்புகளையும் பாருங்கள், மழையை நிறுத்தி உள்ளே இறக்குவது அவைதான்.

கடைசியாக லாரிக்காரர். எல்லைக்கு வடக்கே புதுச்சேரியில் 2002ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு 2003இல் இயற்றிய சட்டத்தை 2013இல் ரத்து செய்துவிட்டது. அதனால் கடலூரில் இது அரசாணைகளையும் அனுமதிச் சீட்டுகளையும் நம்பி நடக்கிறது. வணிகத்துக்குத் தண்ணீர் எடுக்க அனுமதி வேண்டும் என்பது மட்டும் இரு பக்கமும் பொது. தனி ஆளாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து, அவருக்கு அனுமதி இருக்கிறதா, எவ்வளவுக்கு என்று திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கையில் அளவு இல்லாமல் போனால் ‘ஆதாரம் என்ன’ என்று திருப்பி அனுப்புவார்கள், அதனால் இன்றே ஒரு வேலையைத் தொடங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கும். மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், மோட்டார் ஓடிப் பத்து நிமிடம் கழித்து உங்கள் போரையும் அக்கம்பக்கத்து நாலைந்து போர்களையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் வருவது இயல்பு. ஒவ்வொரு மே மாதமும் முந்தைய மே மாதத்தைவிட ஏறிக்கொண்டே போனால் ஆய்வுக்கூடத்தில் குளோரைடு சோதனைக்குக் கொடுங்கள், 250 மில்லிகிராமுக்கு மேல் போனால் நாக்கே சொல்லத் தொடங்கும்.

உங்கள் மண்ணை நேரில் பார்க்காமல் குழி எங்கே, எவ்வளவு ஆழம் என்று இதற்கு மேல் இங்கிருந்து சொல்வது சரியாக இருக்காது. போர் போட்டபோது எத்தனை அடியில் களிமண் வந்தது, எத்தனை அடியில் மணல் வந்தது என்று போர்வெல்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் அதையும், இந்த மாத டிடிஎஸ் எண்ணையும், கொல்லையில் பழைய கிணறு இருக்கிறதா என்பதையும் கீழே எழுதுங்கள். அதை வைத்துக் குழியா கிணறா என்று பேசுவோம்.